பழைய புல்லட்டுக்குப் புது டயர்: எது தகும்?

பழைய மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றுக்கு டயர் மாற்ற வேண்டி வருவது தேய்மானத்தால் அல்ல, வயதால். வாரத்துக்கு ஒரு நாள் வெளியே எடுக்கப்படும் வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் ஒன்றை மெயின் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். பட்டன் பாதிக்கு மேல் இருக்கும். ஆனால் இரண்டு பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தைக் கட்டைவிரலால் விரித்தால், அடியில் முடியிழை போல வெடிப்புகள் வரிசையாகத் தெரியும். ரிம்மை ஒட்டிய பக்கச்சுவரிலும் அதே கோடுகள். நகத்தை அழுத்தினால் தடம் விழாது. ரப்பர் கொம்பு போல இறுகியிருக்கும். "பட்டன்தான் நல்லா இருக்கே, இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்" என்று வண்டிக்காரர் சொல்வார். ஓடும், நேராக. ஈரத் தார்ச்சாலையில் பிரேக் பிடிக்கிற அன்று நிற்காது.

அந்த டயரைக் கழற்றிவிட்டு வேறு போடுவது என்று முடிவான பிறகுதான் சிக்கலே தொடங்குகிறது. கம்பெனி போட்ட அதே அளவா, கொஞ்சம் அகலமா? முன்பக்கம் ரிப் டயரா, பட்டன் உள்ளதா? நீண்ட நாள் உழைப்பதா, நன்றாகப் பிடிப்பதா? கடைக்காரர், மெக்கானிக், நண்பர் என்று ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். அந்தப் பதில்களை வண்டியை வைத்தே எடை போட்டுப் பார்க்கலாம். எடுத்துக்கொள்வது யூ.சி.இ. எஞ்சின் (எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் இருப்பது) வருவதற்கு முந்தைய, முன்னும் பின்னும் 3.25-19 டயர் பூட்டிய 350 சி.சி. புல்லட்.

1955-இல் இங்கிலாந்தின் ரெட்டிட்ச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியுடன் கைகோத்து சென்னைத் திருவொற்றியூரில் தொடங்கிய வண்டி இது. அதே திருவொற்றியூரில்தான் 1946-இல் பொம்மை பலூன் செய்யும் சின்னக் கொட்டகையாக எம்.ஆர்.எஃப். பிறந்தது. ஆக, வண்டிக்கும் டயருக்கும் ஊர்ப்பொருத்தம் உண்டு. வண்டியின் உடம்பு இதுதான்: எடை ஏறத்தாழ 165 கிலோ, சக்தி 18 குதிரையை ஒட்டி, நிறுத்துவதற்கு டிரம் பிரேக், போக்ஸ் கம்பி ரிம், அந்த ரிம்மின் உள் அகலம் 1.85 அங்குலம், அதாவது 47 மில்லிமீட்டர். டயர்க் கடையில் யாரும் கேட்காத இந்தக் கடைசி எண்தான் பாதிக் கேள்விகளுக்கு விடை.

முதலில் அகல டயரை எடுத்துக்கொள்வோம். 2009-இல் கிளாசிக் 350 வந்து, பின்னால் 18 அங்குல ரிம்மில் தடித்த டயரோடு நின்றதிலிருந்து பழைய புல்லட்காரர்களுக்கும் அந்த ஆசை பிடித்துக்கொண்டது. பார்வைக்கு அழகு என்பதை மறுக்கவில்லை. ஆனால் "அகல டயர் போட்டால் ரோட்டில் அதிக ரப்பர் படும், அதிகம் பிடிக்கும்" என்று கூடவே சொல்லப்படுகிறதே, அதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

வண்டி 165, ஓட்டுபவர் 70, பின்னால் இருப்பவர் 65, பை 15 என்றால் மொத்தம் 315 கிலோ. அதில் ஏறக்குறைய 200 கிலோ பின்சக்கரத்தின் மேல் விழும். பின் டயரில் காற்று 30 பி.எஸ்.ஐ., அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2.1 கிலோ அழுத்தம். 200-ஐ 2.1 ஆல் வகுத்தால் 95 சதுர சென்டிமீட்டர் வருகிறது. சாலையைத் தொடும் ரப்பரின் பரப்பு தோராயமாக இவ்வளவுதான். டயர் 3.25 ஆனாலும் சரி, 110 மில்லிமீட்டர் ஆனாலும் சரி, எடையும் காற்றும் மாறாதவரை இந்தப் பரப்பு பெரிதாக மாறாது. மாறுவது அதன் வடிவம். ஒடுங்கிய டயரில் அது நீளவாக்கில் கிடக்கும், அகல டயரில் குறுக்குவாக்கில் கிடக்கும். பக்கச்சுவரின் விறைப்பைப் பொறுத்துக் கொஞ்சம் கூடலாம், குறையலாம். ஆனால் அகலத்தால் பிடிமானம் இரட்டிப்பாகிறது என்பது வெறும் கண்மயக்கு.

அகலத்தால் உண்மையிலேயே வரும் மாற்றங்கள் வேறு. வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது அகல டயரின் தொடுபுள்ளி நடுக்கோட்டை விட்டு அதிகம் விலகிப் போகிறது. அதனால் அதே வேகத்தில் அதே வளைவை எடுக்க வண்டியை இன்னும் கூடுதலாகச் சாய்க்க வேண்டியிருக்கும். ஸ்டாண்டு சீக்கிரமே தரையை உரசும் பழைய புல்லட்டுக்கு இது வேண்டாத வேலை. அடுத்தது ரிம். 110/90-18 டயருக்குக் குறைந்தது 2.15 அங்குல ரிம் தேவை. பின்பக்கம் 18 அங்குல ரிம்மாக மாற்றிக் கட்டுபவர்கள், அகலத்தைக் கவனிக்காமல் பழையபடி 1.85-லேயே கட்டிவிட்டால் டயரின் இரு ஓரங்களும் உள்ளே இழுக்கப்பட்டு முதுகு கூம்பிவிடும். டயர் செய்தவர் வகுத்த வளைவு போய், நடுவில் மட்டும் தேயும் ஒரு மேடு எஞ்சும். முன்பக்கத்துக்கு 100/90-19 கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். அந்த அளவும் 2.15-க்குக் குறைந்த ரிம்முக்கு உரியதல்ல. சரியான அகலத்தில் ரிம் கட்டினால்கூட இடப்பக்கச் சங்கிலிக்கும் டயருக்கும் நடுவே இடம் போதுமா என்று விரல் விட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். இத்தனையும் 18 குதிரைச் சக்திக்கு! அந்தச் சக்தி காய்ந்த சாலையில் 3.25 டயரைச் சுழல வைக்கும் அளவுக்கு உள்ளதல்ல. ஆகவே பின்பக்கம் அகலமாக்கும் யோசனையை அழகு என்ற ஒரே தலைப்பில்தான் வாங்க முடியும். நான் வாங்க மாட்டேன்.

இதில் ஒரு விலக்கு உண்டு: 3.50-19. இது புல்லட்டுக்கு அந்நியமான அளவல்ல. பழைய 500 சி.சி. புல்லட்டின் பின்சக்கரத்தில் கம்பெனியே பூட்டியது. 1.85 ரிம்மில் முறையாக உட்காரும். சுமையும் கூடுதலாகத் தாங்கும். பின்னால் எப்போதும் ஆள் ஏற்றிக்கொண்டு, பெட்டி கட்டிக்கொண்டு நெடுந்தூரம் போகிறவருக்கு 3.50 நியாயமான தேர்வு. டயர் உயரமும் சற்றுக் கூடுவதால் மெயின் ஸ்டாண்டில் நிறுத்தும்போது சக்கரத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி குறையும். தேய்ந்த ஸ்டாண்டு என்றால் சக்கரம் தரையைத் தொட்டே நிற்கும். அதைச் சரிசெய்துகொள்ளலாம்.

சுமை என்று சொன்னதால், பக்கச்சுவரில் அளவுக்கு அடுத்து நிற்கும் சிறிய எண்ணை வாசிக்கப் பழக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 54 என்றால் அந்த டயர் தாங்கும் உச்ச எடை 212 கிலோ. 57 என்றால் 230. 60 என்றால் 250. பக்கத்தில் உள்ள ஆங்கில எழுத்து பி என்றால் மணிக்கு 150 கிலோமீட்டர் வரை தாங்கும். புல்லட்டுக்கு அது தாராளம். மேலே போட்ட கணக்கில் பின்சக்கரத்தில் விழுந்தது 200 கிலோ. 54 எண் கொண்ட டயர் அதைத் தாங்கும், ஆனால் மிச்சம் 12 கிலோதான். ஒரு பள்ளத்தில் இறங்கினால் அந்த மிச்சம் காணாமல் போய்விடும். கடைக்காரர் 4 பி.ஆர். (பிளை ரேட்டிங், டயரின் அடுக்கு வலு) டயரைக் கொடுத்து "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றால், பின்பக்கத்துக்கு 6 பி.ஆர். வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். அளவு ஒன்றே ஆனாலும் தாங்கும் எடை ஒன்றல்ல.

முன்சக்கரத்தில் வழக்கு இன்னும் சிக்கலானது. புல்லட் என்றால் முன்னால் ரிப் டயர், பின்னால் பட்டன் டயர் என்பது பல தலைமுறைப் பழக்கம். ரிப் டயருக்குச் சார்பாகச் சொல்ல நிறைய இருக்கிறது. சுற்றளவு முழுக்க ஓடும் நீளக் கோடுகள் நேர்ப்பாதையில் வண்டியை அசையாமல் வைத்திருக்கும். தண்ணீர் அந்தக் கோடுகளின் வழியே பின்னால் போய்விடும். தேய்மானம் சீராக இருக்கும். டிரம் பிரேக் தரும் சக்திக்கு அந்தப் பிடிமானமே மிகை. காய்ந்த சாலையில் முன்பிரேக்கை முழுக்க இழுத்தாலும் பெரும்பாலான பழைய புல்லட்டுகளில் முன்சக்கரம் உறைவதில்லை. அங்கே எல்லை போடுவது பிரேக், டயர் அல்ல. ஆகவே "புது டிசைன் டயர் போட்டால் சீக்கிரம் நிற்கும்" என்ற வாதம் காய்ந்த சாலையில் செல்லாது.

எதிர்த்தரப்பு வாதம் சாலையிலிருந்து வருகிறது. மறுபடி தார் போடுவதற்காக மேல்பரப்பைச் சுரண்டிவிட்டு வாரக்கணக்கில் அப்படியே விட்ட சாலையில் ரிப் டயரோடு போனவர்களுக்கு அது தெரியும். சாலையின் நீளக் கோடுகளும் டயரின் நீளக் கோடுகளும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, ஹேண்டில்பாரை ஓட்டுபவர் கையிலிருந்து பிடுங்கும். சென்னையில் இது அரிய அனுபவம் அல்ல. சாலையோர மண்ணில் இறங்கி ஏறும்போதும், ஜல்லி சிதறிய திருப்பத்திலும் நீளக் கோட்டுக்குப் பற்றிக்கொள்ள ஓரம் கிடையாது. ஐப்பசி கார்த்திகை மழையில், வழவழப்பான வெள்ளைப் பட்டைகளின் மேல் வண்டி சாய்ந்திருக்கும்போது காக்கக்கூடியது ரப்பரின் மென்மை ஒன்றுதான். பழைய பாணி ரிப் டயர்கள் பெரும்பாலும் நீண்ட நாள் உழைக்கவென்றே இறுக்கமான ரப்பரில் வார்க்கப்படுபவை.

இந்த இடத்தில் 90/90-19 வருகிறது. 3.25-19-க்கு மெட்ரிக் கணக்கில் நெருங்கிய உறவு, 1.85 ரிம்முக்கு ஏற்றது. முன் மட்கார்டுக்குள் இடிக்காமல் சுழலும். உயரம் சற்றுக் குறைவு என்பதால், முன்சக்கரத்திலிருந்து ஓடும் ஸ்பீடோமீட்டர் இம்மியளவு கூட்டிக் காட்டும். அவ்வளவே. ஆனால் இதன் உண்மையான பலம் சந்தையில் இருக்கிறது. 2021 வரை வந்த கிளாசிக் 350-களில் பரவலாக இருந்த முன்சக்கர அளவு இதுதான். அந்த வண்டி ஓடாத தெரு தமிழ்நாட்டில் இல்லை. அதனால் இந்த அளவில் பல கம்பெனி, பல டிசைன், நடுவில் தண்ணீர்க் கோடும் ஓரத்தில் வெட்டுகளும் உள்ள டயர்கள் கிடைக்கின்றன. கடைக்கு வந்த சரக்கு தேங்குவதும் இல்லை. விலை போகாத அளவு கடையிலேயே கிழடாகிறது. விலை போகும் அளவு புதிதாகக் கைக்கு வருகிறது. அகலம், டிசைன், கம்பெனிப் பெயர் ஆகிய மூன்றையும்விட இதற்கே நான் அதிக மதிப்பெண் கொடுக்கிறேன்.

ஏனென்றால் ரப்பர் உற்பத்தியான நாளிலிருந்தே முதிரத் தொடங்குகிறது. காற்றில் உள்ள ஓசோனும் ஆக்சிஜனும் வெயிலும் அதை இறுக்கிக்கொண்டே வருகின்றன. ஓடும் டயரில் ரப்பர் நசுங்கி நிமிர்வதால் உள்ளே கலந்த காப்புப் பொருள் மேற்பரப்புக்கு வந்து ஓரளவு காக்கிறது. நின்றுகிடக்கும் டயருக்கு அந்தப் பாதுகாப்பும் குறைவு. டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 1824 என்றால் 2024-ஆம் ஆண்டின் 18-ஆவது வாரத்தில் வார்த்தது. சில டயர்களில் இது ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். திருப்பிப் பார்க்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் வார்த்தது நல்லது, ஒரு வருடம் வரை சரி, இரண்டைத் தாண்டினால் வேண்டாம் என்பது என் அளவுகோல். கடை வாசலில் வெயிலில் மாலையாகத் தொங்கும் டயரை எந்தத் தேதியானாலும் வாங்காதீர்கள். உள்ளே இருட்டில் இருப்பதை எடுத்துவரச் சொல்லுங்கள்.

இதிலிருந்தே ரப்பரின் குணம் பற்றிய தீர்ப்பும் வந்துவிடுகிறது. தினமும் 60 கிலோமீட்டர் வேலைக்கு ஓட்டுபவர் இறுகிய ரப்பரை வாங்குவதில் பொருள் உண்டு. அவர் டயரைத் தேய்த்துத் தீர்ப்பார். வருடத்துக்கு இரண்டாயிரம் மூவாயிரம் கிலோமீட்டர் மட்டுமே ஓடும் பழைய வண்டிக்கு, நாற்பதாயிரம் உழைக்கும் என்று விற்கப்படும் டயர் எதற்கு? அந்த உழைப்பில் பெரும்பகுதியைப் பார்க்கும் முன்பே வயது அதைக் கொன்றுவிடும். தேயாத பட்டனுக்குக் காசு கொடுத்து, ஒவ்வொரு மழையிலும் பிடிமானத்தை இழப்பது நஷ்ட வியாபாரம். கையால் அழுத்தினால் இணங்குகிற, சற்று மென்மையான ரப்பரையே கேளுங்கள். சீக்கிரம் தேயும் என்று கடைக்காரர் எச்சரிப்பார். தேயட்டும்.

எந்தக் கம்பெனி என்பது அடுத்த கேள்வி. எம்.ஆர்.எஃப்., சியட், மதுரை வெள்ளரிப்பட்டியில் வார்க்கப்படும் டி.வி.எஸ். யூரோகிரிப் எல்லாமே ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு வருபவை. இவற்றுக்குள் உள்ள வேறுபாடு, புதிய டயருக்கும் ஐந்து வருடக் கிடங்கு டயருக்கும் உள்ள வேறுபாட்டைவிடச் சிறியது. இங்கிலாந்து வண்டிக்கு ஏவான் டயர்தான் போட வேண்டும் என்று நினைப்பவர்களின் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் 2020 ஜூனில் புது டயர் இறக்குமதியை அரசு கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. அப்படியும் எங்கிருந்தோ கிடைக்கிறது என்றால் அதன் தேதியை இரண்டு முறை பார்க்க வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாக முடித்துவிடலாம். மேடு பெரிதான காட்டுப்பாதை டயர் தார்ச்சாலையில் இரையும், ஈரத்தில் வழுக்கும்; மலைக்கிராமத்தில் வசிக்காதவர்களுக்குத் தேவையில்லை. ரீட்ரெட் செய்த டயரை, வயதான அடிக்கட்டின் மேல் புதுத் தோல் என்பதால் இரு சக்கர வண்டியில் நான் ஏற்க மாட்டேன். பழைய டயர் விற்கும் கடைப் பக்கமே போக வேண்டாம். போக்ஸ் கம்பி ரிம்மில் கம்பித் துளை வழியே காற்று போகும் என்பதால் ட்யூப்லெஸ் என்று எழுதிய டயருக்குள்ளும் ட்யூப் போட்டே ஆக வேண்டும். ட்யூப்லெஸ் டயரின் விளிம்பு விறைப்பானது; ஏற்றும்போது லீவருக்கும் ரிம்முக்கும் நடுவே ட்யூப் நசுங்க வாய்ப்பு அதிகம். ட்யூப் டயரே போதும்.

டயர் மாற்றும் கடையில் பக்கத்திலேயே நில்லுங்கள். பழைய டயர் கழன்றதும் ரிம்மின் உட்புறத்தைப் பாருங்கள். முப்பது வருட ரிம்மில் துரு செதில் செதிலாக இருக்கும். போக்ஸ் கம்பியின் முனை ஒன்றிரண்டு துருத்திக்கொண்டிருக்கும். துருவைத் தேய்த்து, முனையை அரத்தால் ராவி, புது ரிம் டேப் சுற்றிய பிறகுதான் ட்யூப் உள்ளே போக வேண்டும். பழைய ட்யூபையே மடித்துப் போடுவது யானை வாங்கியவர் அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பது போன்றது. பக்கச்சுவரில் அம்புக்குறி இருந்தால் சக்கரம் முன்னோக்கிச் சுழலும் திசையில் இருக்கிறதா என்று பாருங்கள். அவசரத்தில் தலைகீழாகப் போட்டுவிடுவது சாதாரணமாக நடக்கிறது. சோப்புத் தண்ணீர் தடவி ஏற்றிக் காற்றடித்ததும், ரிம்முக்குச் சற்று மேலே டயரைச் சுற்றி ஓடும் மெல்லிய கோட்டைக் கண்ணால் தொடருங்கள். அந்தக் கோடு ரிம் விளிம்பிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் இருந்தால் டயர் சரியாக உட்கார்ந்திருக்கிறது. ஓரிடத்தில் புதைந்திருந்தால் காற்றை இறக்கி மறுபடி ஏற்றச் சொல்லுங்கள். அப்படியே விட்டால் 60-இல் வண்டி துள்ளும். பிறகு ரிம் பெண்டு என்று அடுத்த செலவைக் காட்டுவார்கள்.

காற்று விஷயத்தில் பஞ்சர் கடைகளின் பழக்கத்தோடு எனக்குக் கடும் சண்டை உண்டு. புல்லட்டுக்கு முன்னால் 20, பின்னால் 30 பி.எஸ்.ஐ.யை ஒட்டி இருந்தால் போதும். கனமான வண்டி என்று எண்ணி முன்னால் 30, பின்னால் 40 அடித்து அனுப்பிவிடுகிறார்கள். அதே கணக்கைத் திரும்பப் போடுங்கள்: பின்சக்கரத்தில் 30-இலிருந்து 40 ஆக்கினால் 95 சதுர சென்டிமீட்டர் 71 ஆகிறது, அதாவது பிடிமானப் பரப்பில் கால் பங்கு போய்விட்டது. முன்னால் 20-ஐ 30 ஆக்கினால் மூன்றில் ஒரு பங்கு போகிறது. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய நல்ல ரப்பரை இலவசக் காற்றில் வீணாக்குவது இது.

என் தீர்ப்பு: முன்னால் 90/90-19, நடுவில் கோடும் ஓரத்தில் வெட்டும் உள்ளது. பின்னால் 3.25-19, 6 பி.ஆர்.; ஆளும் பெட்டியும் நிரந்தரம் என்றால் 3.50-19. இரண்டும் ஒரே சமயத்தில் வாங்கியவை, ஒரு வருடத்துக்குள் வார்த்தவை, ட்யூபும் ரிம் டேப்பும் புதியவை. வண்டியின் பழைய தோற்றம் மாறக்கூடாது என்று நினைப்பவர்கள் முன்னால் ரிப் போட்டுக்கொள்ளலாம், அதன் தேதி புதியதாக இருந்தால் மட்டும். சரியான அளவில் பழைய சரக்கும், கொஞ்சம் விலகிய அளவில் புதுச் சரக்கும் கடையில் இருந்தால் இரண்டையும் வாங்காமல் திரும்புங்கள். முன்பணம் கொடுத்துச் சொல்லி வைத்தால் கடைக்காரர் புதுச் சரக்கை வரவழைத்துத் தருவார். புது டயரில் முதல் 150 கிலோமீட்டர் வழவழப்பு இருக்கும், அதுவரை வளைவில் வண்டியை அதிகம் சாய்க்காமல் ஓட்டுங்கள்.